என் வயிற்றுக்குள் நானே எட்டிப் பார்த்தேன்

எண்பதுகளின் கடைசிப் பகுதி. மாரி வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, என் கணவர் கல்முனையிலிருந்து என்னைக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி மாதக்கணக்கு. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். இளைய மகளின் வீடு கூரைக்குக் காத்துக் கிடந்தது. அது முடியட்டும் என்று இருந்தேன். உடுப்பில் கறையைக் கண்டு அவர்தான் பிடித்துவிட்டார்.

என் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தாவும் இதே மாதிரி இரத்தம் போய்த்தான் மௌத்தானார். வெட்கத்தில் அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. எனக்கும் அதுதான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன்.

பின்பக்கமாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். சோறில்லாமல், பேதி மருந்தைக் குடித்துக் குடித்து, மேசையில் ஏறும்போது எனக்கு உடம்பே பாரமில்லை. சுவர் கிட்ட வருவதும் தூரப் போவதுமாக இருந்தது. குழாய் கொஞ்சத் தூரம் போனதும் குடல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வலியில் நான் பல்லைக் கடிக்க, அது இன்னும் இறுக்கியது. வீட்டில் என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள். என் குடல் என்னையும் மிஞ்சியது.

குடலைத் தளர்த்த ஓர் ஊசி உண்டாம். ஆனால் எனக்குக் கண்ணில் அழுத்த நோய் இருந்ததால் அதைப் போடப் பயந்தார்கள். குழாய் போகாவிட்டால் வயிற்றை வெட்டித் திறக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, பக்கத்தில் நின்ற நர்ஸ் மெதுவாகத் தமிழில் சொன்னார். எங்கள் ஊருக்குக் கிட்ட, தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை. என் கையை விடவேயில்லை.

டொக்டர் யோசித்துவிட்டு, மென்தோல் கலந்த தண்ணீரைக் குழாய் வழியே விட்டுப் பார்ப்போம் என்றார். இனிப்புக்குப் போடுகிற சாமானா என்று அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அறை முழுக்கப் பெப்பர்மின்ட் வாசம். வயிற்றடியில் குளிர் பரவியதா, வாசத்தில் அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.

"வயித்த மறந்திட்டு ஊர்க்கதை ஏதும் கதைங்க அக்கா," என்றார் நர்ஸ்.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியபின் கரைவலை இழுப்பதைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல நானே ஈர மணலில் நின்றேன். அலை என் காலடி மணலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போனது. வலி எப்போது நின்றது என்று தெரியவில்லை.

படிக்கிற டொக்டர்மாருக்காக அந்தக் குழாயில் இன்னொரு பார்வைக் குழாய் பூட்டியிருந்தார்கள். பார்க்கிறீங்களா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். ரோசா நிறத்தில் ஈரமான ஒரு குகை. சுருண்டு கிடந்த மடிப்பொன்று, விடியலில் கதவு திறக்கிற மாதிரி அவசரமில்லாமல் திறந்தது. அல்லாஹ்வே, எனக்குள்ளா இவ்வளவு அழகு என்று பயத்தையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்த இடத்தில் காம்போடு ஒரு சின்னக் கட்டி, ஈச்சங்கொட்டை அளவில். டொக்டர் கம்பிச் சுருக்கு மாட்டி அதை அறுத்தெடுத்தார். எனக்கு நோகவேயில்லை. பிறகு சோதித்துப் பார்த்ததில் அது புற்றுநோயாகியிருக்கவில்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார்கள்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து என் கணவர் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். சுகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

"மச்சான், ராத்தாக்கும் இவ்வளவுதான் இரிந்திரிக்கும். ஒருத்தரும் பாக்கல்லயே."

இப்போது என் மகள்மாரையோ ராத்தாவின் மகள்மாரையோ கண்டால், சோறு போட்டபடியே கேட்டுவிடுவேன், இரத்தம் கித்தம் போகுதா என்று. மருமகன்மார் எழும்பிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். ராத்தா வெட்கப்பட்டே மௌத்தானார். இவர்கள் உயிரோடு இருந்து வெட்கப்படட்டும்.