தலைதட்டாத அளவு

என் சித்தப்பாவுக்குத் தன் கைகளில் இருந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் நான். அதை அவரிடம் சொல்வதற்கு என் தலை நரைக்க வேண்டியிருந்தது.

அப்போது நான் சிறுவன்; சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்தோம். சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தார். கீழ்மாடியில் தனியாக வாழ்ந்த சுவிஸ் பெரியவர் ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடப் போவார். ரைபிளுக்கான தோட்டாக்களை நிலவறையில் தானே நிரப்பிக்கொள்வார். வெடிமருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுக்க அவருடைய கைகள் நடுங்கின. அதைக் கண்ட சித்தப்பா, வெற்றுத் தோட்டா ஒன்றின் பித்தளைக் கூட்டை வெட்டிக் கம்பியில் பிடி வைத்தார். பிறகு தராசோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு விளிம்பை அரத்தால் ராவி, ஒரு சின்ன அளவுக் கரண்டி செய்துகொடுத்தார். நிரப்பி, மேலே அட்டையால் வழித்துவிட்டால் அளவு சரி. பெரியவர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது சித்தப்பா சிரித்த சிரிப்பை, இந்த நாட்டுக்கு வந்தபின் அன்றுதான் கண்டேன்.

அந்த நிலவறை இப்போதும் கனவில் வருகிறது. சிறு சன்னலுக்கு வெளியே மூடுபனி. எண்ணெய் மணம். பித்தளைக் கூடுகள் வாய் திறந்து வரிசையாக நிற்கும். பார்த்துக்கொண்டே நான் பாதித் தூக்கத்தில் மிதப்பேன்.

ஒருநாள் அவர் மருந்து நிரப்புவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடிக்க, பெரியவர் மேலே போனார். அவருக்கு உதவ நினைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா சுண்டுப் பேணித் தகரத்தில் அரிசியைக் குவித்தே அளப்பார். சித்தப்பா வழித்தால், "தட்டி அளக்க நாங்கள் என்ன கடைக்காரரோ?" என்று நையாண்டி செய்வார். பெரியவரை எனக்குப் பிடிக்கும். மீதிக் கூடுகளுக்கெல்லாம் கரண்டியில் மருந்தைக் குவித்துக் குவித்துப் போட்டேன். திரும்பி வந்தவர் மறதியில், எல்லாவற்றையும் தானே நிரப்பியதாக எண்ணிக் குண்டுகளைப் பொருத்தினார். நான் வாய் திறக்கவில்லை. பரிசை யாராவது சொல்லிவிட்டுக் கொடுப்பார்களா?

அந்த ஞாயிறு, ரைபிளின் பின்பக்கத்தால் நெருப்புச் சீறி அவருடைய கன்னத்தைச் சுட்டது. கண் தப்பியது. பெரியவர் கரண்டியைப் பத்திரிகைத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, அளவில் ஏதோ பிழை இருக்கலாம் என்று தன்மையாகச் சொன்னார். சித்தப்பா ஒன்றும் கேட்காமல் தன் பிழைதான் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். செய்யாத பிழையை ஒருவர் அவ்வளவு விரைவாக ஏற்றுக்கொள்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அகதி என்ற சொல்லின் எடை அந்த வயதில் தெரியவில்லை. சித்தப்பா தானாகவே கேட்டுப் பொதி கட்டும் பிரிவுக்கு மாறினார். அதன்பின் அரத்தைத் தொடவில்லை.

போன குளிர்காலம் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குவிச்சோ போட்டனி?"

"ஓம், சித்தப்பா."

"நான் இவ்வளவு காலமும் என்ரை கையையெல்லோ சந்தேகப்பட்டனான்."

எழுந்து தேநீர் ஊற்றினார். அந்த வீட்டில் சீனி எப்போதும் குவித்துத்தான் விழும். அன்று கரண்டியை நிரப்பி, குவியலை விரலால் மெல்ல வழித்துவிட்டு, என் கோப்பையில் போட்டார். அவருடைய கை நடுங்கவில்லை.

அளவு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இனிப்புப் போதவில்லை.