மின்மாற்றியின் நோயும் புதூர்ப் பக்கத்துக் குடிநீரும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் துணைமின்நிலையத்தில், கணினி முதன்முதலாக ஒரு மின்மாற்றியின் நோயைக் கணித்துரைத்த நிகழ்ச்சி இன்று இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. கணினி உளறியது, மனிதர் திருத்தினர் என்பார் சிலர். கணினியின் சொல்லை மதியாமல் ஓட்டி, நல்லவேளையாகத் தப்பினோம் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. அந்நாளில் அந்நிலையத்துக்குப் பொறுப்பேற்றிருந்த பொறியாளன் நான். உடனிருந்தோர் பலர் ஊர் மாறிச் சென்றுவிட்டமையால், நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது என் கடமையாகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை எங்கள் பராமரிப்பு நாட்காட்டியைப் பார்த்தே நடந்தது. குறித்த நாள் வந்தால் நலமாக ஓடும் கருவியையும் நிறுத்தித் திறப்போம். நாள் வராவிட்டால் நலிந்த கருவியும் காத்திருக்கும். கரிசல் மண் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. கோடையில் நிலம் கையகலம் பிளந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிடும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் நிலஇணைப்புக் குழிகள் வறண்டு, குடம்குடமாக நீர் கேட்கும். ஆகவே, கருவியின் நிலையை அறிந்து அதற்கேற்பப் பராமரிக்கும் முறை நூற்றாண்டின் இறுதியில் எங்களை வந்தடைந்தபோது நான் முழுமனத்துடன் வரவேற்றேன். அம்முறையுடன் வல்லுநர் மென்பொருள் ஒன்றும் வந்தது. இன்ன அறிகுறி இருந்தால் இன்ன நோய் என்று பட்டறிவு மிக்க பொறியாளர்கள் வகுத்த விதிகள் அதற்குள் இருந்தன. மின்மாற்றியின் எண்ணெயில் சிறிதளவு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அதில் கரைந்துள்ள வளிமங்களின், அதாவது வாயுக்களின், அளவை ஆய்வகம் தரும். அவ்வளவுகளை உள்ளிட்டால் கணினி நோயின் பெயரைச் சொல்லும்.

ஒரு சித்திரையில், நிலையத்தின் இரு மின்மாற்றிகளுள் ஒன்று பழுதுபார்க்கச் சென்றிருந்தது. மற்றதன் எண்ணெயில் அசெட்டிலீன் மிகுந்திருந்தது. எண்ணெய்க்குள் மின்பொறி பறந்தாலன்றி அவ்வளிமம் அந்த அளவுக்குத் தோன்றாது. கணினி சற்றும் தயங்கவில்லை. உள்ளே மின்பொறி, உடனே இயக்கத்திலிருந்து நீக்குக என்றது.

நீக்குவது எளிதன்று. புதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் குடிநீர் அனுப்பும் நீரேற்று நிலையம் அந்த ஒரு மின்மாற்றியையே நம்பியிருந்தது; அண்டை நிலையத்திலிருந்து அதற்கு மின்தடம் இல்லை. மாற்று மின்மாற்றி வந்துசேர வாரங்கள் ஆகும். நீக்காமல் விட்டு அது வெடித்தாலோ, முற்றத்தில் பணிசெய்வோர் உயிருக்கு ஊறு நேரும்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. மறுநாட்காலை அப்பகுதி ஊராட்சித் தலைவி நேரே நிலையத்துக்கு வந்தார். ஆடு வளர்க்கும் குடும்பத்தவர்; பேச்சில் சுற்றிவளைப்பு இல்லாதவர்.

“பொட்டி சொல்லுதுன்னு கரண்ட நிப்பாட்டப் போறியளாமே சார்?”

“இன்னும் முடிவு செய்யலம்மா.”

“எங்கூருல கொடம் வரிசையில கெடக்கு. ஆடு மாடு வேற நாக்கத் தொங்கப் போட்டு நிக்கு. ஒங்க பொட்டிக்குத் தாகம் எடுக்குமா?”

என் பின்னால் நின்ற போர்மேன், அந்நிலையத்தின் பணியாளர்களுக்கெல்லாம் தலைவர், வாய் திறந்தார். “அது ஏசி ரூம்புல இருக்கு தாயி. அதுக்கு எங்கிட்டுத் தாகம் எடுக்கும்?”

“நீங்க பேசாதிய அண்ணாச்சி. நேத்து போனு அடிச்சா எடுக்க மாட்டேங்கிய.”

“எடுத்தா வைவியளே.”

நோயின் பெயர் மட்டும் போதாது, நோய் வளர்கிறதா என்பதும் தெரிய வேண்டும் என்பது என் கருத்தாக இருந்தது. உள்ளே இப்போதும் பொறி பறந்தால் வளிமம் நாளுக்கு நாள் ஏறும். ஒருமுறை எடுத்த எண்ணெய் அதைக் காட்டாது. ஆகவே ஆலைகளின் மின்சுமையை அண்டை நிலையத்துக்கு மாற்றி, நீரேற்று நிலையத்தை மட்டும் இம்மின்மாற்றியில் விட்டேன். உள்ளே வளிமம் திரண்டால் மின்னிணைப்பைத் தானே துண்டிக்கும் காப்புக் கருவியைச் சோதித்து உறுதிசெய்துகொண்டோம். மின்மாற்றியின் அருகே எவரும் செல்லலாகாது என்று கயிறு கட்டினோம்.

“ஒரு வாரம் தண்ணி வரும். மறுபடி சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்,” என்றேன்.

“அதுக்கப்புறம் நிப்பாட்டுனா ஊரோட வந்து இங்கன உக்காருவோம். சொல்லிட்டேன்,” என்றார் தலைவி.

“உக்காருங்க. ஆனா பூராவும் சரளைக்கல்லு தாயி, குத்தும்,” என்றார் போர்மேன்.

ஒரு வாரம் கழித்து எடுத்த எண்ணெயில் அசெட்டிலீன் சிறிதும் ஏறவில்லை. கணினி மட்டும் பழைய தீர்ப்பையே மீண்டும் சொன்னது. ஒவ்வோர் ஆய்வையும் தனித்தனியே பார்க்கத்தான் அதற்குக் கற்பித்திருந்தார்கள். எனக்கோ ஐயம் தீர்ந்தது. இவ்வளிமம் இங்கே பிறக்கவில்லை, வந்து சேர்ந்திருக்கிறது. மின்மாற்றிக்குள் அண்மையில் என்ன ஊற்றினீர்கள் என்று போர்மேனைக் கேட்டேன்.

“எண்ணெ கசிஞ்சு மட்டம் எறங்கிருச்சுல்லா சார். பிரேக்கர்ல இருந்து எறக்குன எண்ணெ ஒரு பீப்பா கெடந்துச்சு. நல்லா வடிகட்டி, டெஸ்ட்டு பாத்துத்தான் ஊத்துனோம். ஒரு சொட்டு வீணாக்கல.”

பிரேக்கர் என்று அவர் சொன்னது மின்னோட்டத்தை முறிக்கும் கருவி. முறிக்கும்போதெல்லாம் அதன் எண்ணெய்க்குள் பொறி பறக்கும். அசெட்டிலீன் அங்கே பிறப்பது இயல்பு. எங்களிடம் இருந்த வடிதாள் எந்திரம் கரியையும் ஈரத்தையும் பிடிக்கும். கரைந்த வளிமத்தை விட்டுவிடும். மின்னழுத்தச் சோதனையிலும் அவ்வெண்ணெய் குறைவின்றித் தேறியிருந்தது. வேறு வட்டாரமாயின் புதுப் பீப்பாய் வரும்வரை காத்திருப்பார்கள். தீப்பெட்டி ஆலையில் கழித்த குச்சியையும் அடுப்புக்கு அள்ளிச் செல்லும் எங்கள் சீமையில், தெளிந்த எண்ணெயைக் கீழே கொட்ட எவருக்கும் கை வராது.

பீப்பாயில் எஞ்சியிருந்ததையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அசெட்டிலீன் அதில் ஏராளம்.

“அப்ப பொட்டி சொன்னது நெசந்தானா சார்?” என்று கேட்டார் போர்மேன்.

“வளிமம் இருக்குன்னு சொன்னது சரிதான். அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்க அதுக்குத் தெரியல. நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.”

அவ்வாறே செய்தோம். மென்பொருளை வகுத்தோருக்கு விவரங்களை எழுதியனுப்பினேன். முந்தைய ஆய்வோடு ஒப்பிட்டு வளிமம் ஏறும் வேகத்தைக் காணவும், ஊற்றிய எண்ணெய் எங்கிருந்து வந்தது என வினவவும் இரண்டு விதிகள் அதில் சேர்ந்தன. அவற்றைச் சேர்த்தபின் அதே ஆய்வுகளின் அளவுகளைக் கணினியில் இட்டபோது, மின்மாற்றி நலம், தொடர்ந்து கண்காணிக்க என்று விடை வந்தது. வல்லுநர் மென்பொருளின் வலிமை இதுவே என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்: ஓரிடத்தில் கற்றதை ஒருமுறை எழுதிவிட்டால், அது எல்லா நிலையங்களுக்கும் உரியதாகிவிடுகிறது.

மின்மாற்றி கழற்றப்படவில்லை. அக்கோடை முழுதும் நீரேற்று நிலையம் ஓடியது. கரண்டை நிறுத்தப் போவதில்லை என்று தலைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“நல்லது சார். அப்படியே வோல்டேசையும் கொஞ்சம் ஏத்தி விடுங்க. மோட்டாரு முனங்குது,” என்றார்.

முறையான கோரிக்கைதான். அதையும் கவனித்தோம்.

இவற்றை நினைவிலிருந்தே எழுதினேன். எண்ணெய் ஒரு பீப்பாயா இரண்டா, எண்ணெய் கசிந்தது எந்த இணைப்பில் என்பவற்றில் என் நினைவு தடுமாறியிருக்கலாம். ஒரு வாரமும் நீர் தடையின்றி வந்ததா என்பதை, நிலையத்தில் இருந்த என்னைவிட அவ்வூர்களில் குடத்துடன் நின்றவர்களே நன்கறிவர். பிழை காண்போர், அது எத்துணைச் சிறிதாயினும், எனக்கு அறிவித்தருள வேண்டுகிறேன், நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.