சேவை அணி அள்ளிய வேட்டி

பள்ளிக்கூடத்தில் பாடத்தைத் தவிர வேறு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், அது நேர்முகத் தேர்வானாலும் சரி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரானாலும் சரி, எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். மற்றவர்கள் பரதநாட்டியம் என்பார்கள், பூப்பந்து என்பார்கள். நான் என் சொந்த மாமாவின் வேட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டி, அவர் பெண் பார்க்கப் போவதை நிறுத்தினேன். அந்த வருஷம் சிறந்த சேவைக்கான சான்றிதழும் எனக்குத்தான் கிடைத்தது.

சேவை மனப்பான்மை பொங்கி நான் சேவை அணியில் சேர்ந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றார்கள். கோ-கோவில் சேர்ந்தேன். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யோசித்து முடிப்பதற்குள் என்னைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சுப் போட்டியில் “அவையோருக்கு வணக்கம்” என்று ஆரம்பித்து, நடுவில் ஒன்றும் நினைவுக்கு வராமல், “நன்றி” என்று உட்கார்ந்தேன். பாட்டு டீச்சர் என் குரலைக் கேட்டுவிட்டு, ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். மிச்சமிருந்தது சேவை அணிதான். அதற்கு இரண்டு கை இருந்தால் போதும்.

ஆனால் சேர்ந்த அன்றே அது எனக்குப் பிடித்துப் போனது. காரணம் மிஸ். அறிவியல் எடுத்த மிஸ்தான் அணிக்கும் பொறுப்பு. சொந்த ஊர் உடன்குடி, வேலைக்காக அம்பாசமுத்திரத்தில் விடுதியில் தங்கியிருந்தார். கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும். முதல் நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மம்பட்டி பிடிக்கதுக்குன்னே பொறந்த கை பிள்ள” என்றார். அதுவரைக்கும் என்னிடம் இருந்த எதையும் யாரும் பாராட்டியது கிடையாது. அன்று முதல் அவர் விசில் அடித்தால் நான் கிணற்றிலும் குதிப்பேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

இன்னொரு காரணம் முகாம். அரைப் பரீட்சை விடுமுறையில் சேவை அணிப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவார்கள். கூடாரம் அடித்துத் தங்கலாம், தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடலாம். அதுவரை நான் அம்மா இல்லாமல் எங்கேயும் தங்கியது இல்லை. எந்த வேலைக்கும் மட்டம் போடாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் முகாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். பள்ளி திறந்ததிலிருந்து நான் அந்தக் கூடாரத்துக்காகவே உயிர் வாழ்ந்தேன் என்றால் மிகையில்லை.

அப்பாவுக்கு வடநாட்டில் வேலை. நானும் அம்மாவும் கல்லிடைக்குறிச்சியில் தாத்தா வீட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பிதான் மாமா. அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருந்தார். வீட்டில் தின்ற தட்டை நகர்த்தாத மனிதர். அப்படிப்பட்டவருக்கு அந்த வருஷம் திடீரென்று ஊர்ச்சேவையில் அக்கறை வந்துவிட்டது. நாங்கள் குப்பை அள்ளுவதற்குக் கடையிலிருந்து காலிச் சாக்குகளைச் சனிக்கிழமை தவறாமல் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். ஆளைவிட்டு அனுப்பினால் ஆகாதா என்று அம்மா கேட்டதற்கு, “சாக்க எப்படிக் கட்டணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்லாக்கா” என்றார். மிஸ்ஸுக்கு அதை விளக்க ஒவ்வொரு வாரமும் வெகுநேரம் பிடித்தது. இத்தனை படித்த மிஸ்ஸுக்கு ஒரு சாக்குக் கட்டத் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம். ஆனாலும் மாமாவின் பொறுமையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

தாத்தாவுக்குச் சகுனம் என்றால் உயிர். ஒற்றைத் தும்மல் கேட்டால் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொள்வார். அவர்தான் மாமாவுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பெண் பார்த்தார். சாதகம் அமோகமாகப் பொருந்தியிருந்தது. “இப்ப என்னப்பா அவசரம்?” என்று மாமா இரண்டொரு முறை முனகிப் பார்த்தார். தாத்தாவின் காதில் அது விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதென்று நாள் குறித்தாயிற்று.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் அணிக்கும் பாபநாசத்தில் வேலை. அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். தோஷம் கழிக்க வருகிறவர்கள் அங்கே ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பிடித்த பீடை துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. பீடை போனதோ இல்லையோ, துணி போகாது. படித்துறைப் பாறையெல்லாம் சேலையும் கைலியும் சுற்றிக் கிடக்கும். தாமிரபரணித் தண்ணீருக்கு அடியில் தரையா துணியா என்று தெரியாது. அதைத்தான் நாங்கள் துரட்டிக் கம்பால் இழுத்துச் சாக்கில் கட்டிக் கரையேற்ற வேண்டும். ஊரான் விட்ட பீடையை வீட்டுப் பிள்ளை தொடுவதா என்று தாத்தா குதித்தார். மாமாதான், “குளிச்சிட்டு வந்தாப் போச்சுப்பா” என்று பேசிச் சரிக்கட்டினார். அதோடு நிற்கவில்லை. “நல்ல காரியத்துக்குப் போற அன்னைக்கு நாமளும் பாபநாசத்துல முங்கிட்டுப் போனா நல்லதுல்லா?” என்றும் கேட்டார். மகனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் படித்துறையில் இறங்கினோம். பச்சைப் பனியன், பச்சைத் தொப்பி. பனியனின் நெஞ்சில் “ஆற்றைக் காப்போம்” என்று எழுதியிருக்கும். தண்ணீர் ஜில்லென்று முழங்காலைக் கடித்தது. ஒரு சேலையின் முனையைப் பிடித்து இழுத்தால் அதோடு பின்னிக்கொண்டு ஒரு குடும்பத்தின் துணியே வரும். ஒருத்தி இழுக்க, அவள் இடுப்பைப் பிடித்து இன்னொருத்தி இழுக்க, துணி பட்டென்று விட்டுக்கொண்டதும் எல்லோரும் மொத்தமாகத் தண்ணீரில் மல்லாக்க விழுவோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். குளிக்க வந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ஆச்சி மட்டும், “ஏட்டி, நான் விட்டத எடுத்திராதிய, சனியன் திரும்பி வந்திரப் போகுது” என்று பதறிக்கொண்டே படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வேன் வந்தது. தாத்தாவும் அம்மாவும் குளித்துவிட்டு, பெண் வீட்டுக்குப் போகும் முன் அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனார்கள். “நீங்க முன்னால போங்க, நான் பைய வாரேன்” என்று சொல்லி மாமா பின்தங்கினார். துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அன்றைக்கென்று வாங்கி உடுத்தி வந்திருந்த பட்டுக்கரை வேட்டியும் சந்தன நிறச் சட்டையும் படியில் மடித்து வைத்தபடி இருந்தன.

நான் குனிந்து ஒரு சாக்கை நிரப்பிக்கொண்டிருந்தேன். மிஸ் வந்து ஒரு துணி மடிப்பை என் கையில் கொடுத்து, “இதையும் உள்ள போடு” என்றார். தொட்டுப் பார்த்தேன்.

“மிஸ், இது நனையவே இல்லயே.”

“பேசாமப் போடு பிள்ள. அடியில வச்சு அமுக்கு.”

அமுக்கினேன். அதன்மேல் சாயம் போகிற சிவப்புச் சேலை ஒன்றையும் பாசி படிந்த கைலிகளையும் திணித்து, மாமா சொல்லிக் கொடுத்த முடிச்சையே போட்டு வாயைக் கட்டினேன்.

தாத்தாவும் அம்மாவும் திருநீறும் குங்குமமுமாகத் திரும்பி வந்தபோது, மாமா கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏலே, இன்னும் என்னல முங்குத? நேரமாகுதுல்லா?” என்றார் தாத்தா.

“வேட்டியக் காணும்ப்பா.”

படித்துறையே கலங்கிவிட்டது. ஆளாளுக்குத் தேடினார்கள். கடைசியில் சாக்குகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் தாத்தா. ஒவ்வொன்றாகக் கொட்டினோம். என் சாக்கின் அடியிலிருந்து அந்த வேட்டி, சட்டையோடு சேர்ந்து வந்தது. பட்டுக்கரை தெரியாத அளவுக்குச் சிவப்புச் சாயம் ஏறி, கண்டவர்கள் கழித்த துணியோடு துணியாகப் பின்னிக் கிடந்தது.

“அதுக்கென்னப்பா, அலசிக் கட்டிக்கிடுதேன்” என்றார் மாமா தண்ணீரில் இருந்தபடியே.

“கட்டுவியால நீ? ஊர்ப்பட்ட பீடையச் சுத்திக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போவியா?” தாத்தாவுக்கு மூச்சு வாங்கியது. “போதும். வேனத் திருப்பச் சொல்லு.”

அம்மா அந்தத் துணிக் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாருட்டி இத எடுத்தது?”

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் அகஸ்தியர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவசரத்தில் தவறிப் போய் எடுத்துவிட்டார். தாத்தா பள்ளிக்கூடத்தில் போய்ச் சத்தம் போட்டால் மிஸ்ஸுக்கு வேலை போய்விடும். வேலை போனால் உடன்குடிக்குப் போய்விடுவார். மிஸ் இல்லாத சேவை அணியை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

“நாந்தான்” என்றேன்.

மிஸ் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமா பலமாகத் தும்மிவிட்டார். ஒற்றைத் தும்மல். தாத்தா நெற்றியில் அடித்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்துவிட்டார். மாமா ஈரத் துண்டோடு எப்படி ஊர் திரும்புவது என்று அம்மா தவிக்க, மிஸ் தம்முடைய பையிலிருந்து ஒரு பச்சைப் பனியனை எடுத்துக் கொடுத்தார். எங்களுடையது எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு. அது ஒன்று மட்டும் மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. எதற்கும் முன்யோசனையோடு வர வேண்டும் என்று மிஸ் அடிக்கடி சொல்வது இதைத்தான் என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். ஆக, பெண் பார்க்கப் புறப்பட்ட மாமா, “ஆற்றைக் காப்போம்” என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெண் வீட்டுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதமே பெங்களூரில் நல்ல மாப்பிள்ளை அமைந்தது, அதுவும் ஒரு சந்தோஷம்.

என் பாடுதான் திண்டாட்டம். “இனிமே சேவையும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம். முகாமுக்கும் போகாண்டாம்” என்றாள் அம்மா. எனக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்தது நானில்லை, மிஸ்தான் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடாரம் எனக்குக் கிடைத்துவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து வந்து போனது. அழுதேனே தவிரச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் மாமா. கோபமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“ஏக்கா, சின்னப் பிள்ளய என்னத்துக்கு வையுத? ஆத்துல விட்டதத் திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா. அவ முகாமுக்குப் போகட்டும்” என்றார்.

யாருக்கு வரும் அந்தப் பெருந்தன்மை! கல்யாணத்தையே கெடுத்தவளுக்காக அம்மாவின் பின்னாலேயே சுற்றி வாதாடினார். நான் சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவேன் என்றார். கடைசியில் அம்மா தலையசைத்தாள். மாமாவே என்னைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் பஸ் ஏற்றினார். குற்றாலத்தில் கூடாரத்துக்குள் மழை ஒழுகியது, சோறு குழைந்தது, தீ மூட்டினால் புகைதான் வந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் அனுபவிக்கவில்லை.

முகாமிலிருந்து வந்த பிறகு மிஸ் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கு ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டு வந்தார். “தாத்தாவுக்குக் குடு” என்பார். செய்த தவறு மிஸ்ஸின் மனதை இன்னும் அரிக்கிறது போலிருக்கிறது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. தாத்தா அந்தக் கருப்பட்டிக் காப்பியில் சொக்கிப் போனார். “இத அனுப்புத பிள்ள மகராசியா இருக்கணும்” என்று தினமும் காலையில் வாழ்த்தினார்.

அதற்குள் மாமாவுக்குப் பார்த்த வேறு சில சாதகங்களும் ஏதேதோ காரணத்தில் தட்டிப் போயின. ஒரு நாள் தாத்தா பொறுக்க முடியாமல், “ஒன் மனசுல யாரும் இருக்காங்களால?” என்று கேட்டுவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க குடிக்கிற காப்பிக்குக் கருப்பட்டி எங்கன இருந்து வருதுன்னு நெனச்சீய?” என்றார். தாத்தா டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். நம்ம ஆட்கள் இல்லையே, ஊர் என்ன பேசும் என்று வீடே இரண்டுபட்டது. கோபத்தில் சில நாள் சீனி போட்டுக் காப்பி குடித்துப் பார்த்தார் தாத்தா. இறங்கவில்லை. அம்மா உடன்குடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சேவை அணிப் பிள்ளைகள் எல்லோரும் வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றினோம். இனிமேல் மிஸ் என்று கூப்பிடுவதா, அத்தை என்று கூப்பிடுவதா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தாலி கட்டி முடிந்து மிஸ் மணவறையில் சற்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது மெல்ல அருகே போனேன். புது வீட்டுக்கு வருகிறவருக்குப் பயம் இருக்கக் கூடாது, இன்றைக்காவது தைரியம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. காதோடு குனிந்து சொன்னேன்.

“மிஸ், அன்னைக்கு அந்த வேட்டியத் தெரியாம எடுத்துக் குடுத்தது நீங்கதான்னு இதுவரைக்கும் யாருட்டயும் நான் சொல்லல. சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாம எங்க வீட்டுக்கு வாங்க.”

மிஸ் என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், தோள் குலுங்கச் சிரிக்கிறார். அப்படியே சாய்ந்து மாமாவின் காதில் அதைச் சொன்னார். மாமா மாலை நழுவுவதுகூடத் தெரியாமல் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என்ன ஏதென்று தெரியாமல் தாத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். கூடாரத்தையே இழக்கத் துணிந்து கட்டிக் காத்த ரகசியத்தைச் சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டா சிரிப்பார்கள்? இனிமேல் இவர்கள் என்ன தப்புச் செய்தாலும் என் தலையில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று முடிவெடுத்து, தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன்.