தெளிந்த தண்ணீர்

சாயப்பட்டறையில் "உப்பண்ணே!" என்று கூப்பிட்டால் ஒரே ஒரு ஆள்தான் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உப்புத் தொட்டிதான் அவருடைய இடம். மூட்டையைச் சுமந்து வந்து கொட்டி, நீளக் கட்டையால் கலக்கிக் கரைப்பார். பொடி உப்பு சொன்ன பேச்சைக் கேட்கும். கட்டி உப்புதான் அழிச்சாட்டியம் பண்ணும், அதைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். ஒரு அளவுக்கு மேல் போட்டால், என்ன கலக்கினாலும் கரையாமல் அடியில் தங்கிவிடும். "போதும்டா சாமி, தண்ணிக்கு வயிறு நெறஞ்சிருச்சு" என்று கட்டையைச் சாய்த்து வைப்பார்.

சாயத்துக்கு உப்பு எதற்கு என்று கேட்கலாம். சாயம் தண்ணீரில் கரைந்து சொகுசாகக் கிடக்கும். சும்மா விட்டால் பாதிகூட நூல் பக்கம் வராது. உப்புக் கரைசலை ஊற்றினால்தான் தண்ணீரை விட்டுவிட்டு நூலைப் போய்ப் பிடிக்கும். சாயம் நூலோடு போய்விடும். உப்பு எங்கேயும் ஒட்டாது. போட்டது அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே போயாக வேண்டும்.

அந்தக் கழிவுத் தண்ணீரும் உப்பண்ணன் பொறுப்புதான். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு மிச்சச் சாயத்தைச் சேறாக உட்கார வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் பின்பக்க ஓடையில் திறந்துவிடுவார். அதற்கு முன் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பின்னால் இருக்கிற தன் விரல் ரேகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால், முதலாளியே வந்து குதித்தாலும் மதகு திறக்காது. அவ்வளவு யோக்கியமான மனுஷன். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பட்டறைக்காரர்களுக்கு எல்லாம் கண்தான். நிறம் போய்விட்டால் அழுக்கு போய்விட்டது, அவ்வளவே.

அதே ஓடையை ஒட்டி, பட்டறையிலிருந்து கொஞ்சம் தள்ளி அவர் வீடு. கொல்லையில் கிணறு. குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

அவர் மனைவிக்கு முகமும் காலும் வீங்க ஆரம்பித்தபோது, சிறுநீரகம் பழுதாகிறது, உப்பை அறவே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாள் அன்றைக்கே உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். உனக்கில்லாத உப்பு எனக்கெதுக்கு என்று இவரும் அதையே சாப்பிட்டார். சோறும் பருப்பும் நன்றாகவே இருந்தன. அங்கேதான் வினை இருந்தது.

"உப்பே வேண்டாம்டி உன் கைக்கு. தானா ருசி வருது!"

"ஐய, ரொம்பத்தான்" என்று அவள் வெட்கப்பட்டாள். அந்த வயதில்!

வீக்கம் மட்டும் வடியவில்லை. டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எங்கிட்ட மறைச்சு என்னம்மா பிரயோஜனம்? உப்பு சாப்பிடுறீங்க." பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து அழுதாள். டாக்டர் நம்பவில்லை. சொல்லவே வாய் கூசுகிறது, இவரும் நம்பவில்லை. ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரம் சமையலறை அலமாரியைக் குடைந்தார். டப்பா டப்பாவாகத் திறந்து, வெள்ளையாக இருந்ததையெல்லாம் நக்கிப் பார்த்தார். நிமிர்ந்தால், ஈரத் தலையோடு அவள் வாசற்படியில் நிற்கிறாள். அவரைத் தாண்டி அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

பிறகு அவள் தங்கை வெளியூரிலிருந்து பார்க்க வந்தாள். வந்த களைப்பில் சொம்பை வாங்கி ஒரு மடக்கு குடித்தவள், அப்படியே முற்றத்தில் துப்பினாள்.

"என்னக்கா இது? உப்பைக் கரைச்சு வச்சிருக்கியா?"

"கிணத்துத் தண்ணிடி. எப்பவும் குடிக்கிறதுதானே?"

"மாமா, நீங்க குடிச்சுப் பாருங்க!"

அவர் குடித்தார். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய உப்பு. புருஷன் பெண்டாட்டி இரண்டு நாக்கும் கூடவே ஏறிப் பழகியிருந்தன.

அன்றைக்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே! வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினார். படிகாரம் போட்டுக் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் மச்சினி குடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தூசியாக இருந்தால் துணியில் நிற்கும், சேறாக இருந்தால் அடியில் உட்காரும். கரைந்துபோனது எதற்கும் மசியாது. கொதிக்க வைத்தால் போகுமோ என்று பாதியாக வற்றக் காய்ச்சினார்.

"ஐயோ மாமா, இன்னும் கரிக்குது!"

பிடிவாதமாக முழுவதும் வற்றவிட்டார். தண்ணீர் ஆவியாகப் போய், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதை அவருக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து வெளியே கேன் தண்ணீர் வாங்கினார். டாக்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். போன சிறுநீரகம் போனதுதான், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கிணற்றை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? உப்பண்ணன் கேட்கவும் இல்லை.

அவள் படுக்கையோடு ஆனபின் ஒரு மத்தியானம், தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னார்: "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே."

"அலமாரியில தேடுனீங்க" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கியபின், "கொட்டுன எடத்துல தேடலையே" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

கேன் தண்ணீரைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்குங்க. எறங்கவே மாட்டேங்குது. நம்ம தண்ணி ஒரு வாய் குடுங்களேன்."

அவர் கொல்லைக்குப் போய் இறைத்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். பழக்கதோஷம், கை தானாக அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. தூசி துரும்பு இல்லை. விரல் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ஆசையாகக் குடித்தாள்.