பூச்சாட்டும் பனிக்கப்பலும்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் கம்பளிக் கோட்டைப் போட்டுப் பார்த்த பொம்பளை, கோயமுத்தூரிலேயே சின்னாத்தாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கோட்டைமேட்டுத் தையல்காரர் ரசாக், சேலைக்கு மேல் அந்தக் கோட்டு ஒழுங்காக உட்கார வேண்டுமே என்று தோளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். அவள் முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓடியது.

"அக்கா, உள்ளுக்கு ரெண்டு மடிப்பு ஃப்ளானல் வச்சிருக்கேனுங்க. குளிரு உள்ள போகோணும்னா என்னைக் கேட்டுப்போட்டுத்தான் போகோணும்."

"குளிர விடுங்கண்ணா. அவரு வந்து கப்பல்ல ஏறோணும். எனக்கு அதுதான் நடுக்கமா இருக்குது."

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்த குமாரசாமிக்கும் சின்னாத்தாளுக்கும் ஒரே மகள், மோகனப்பிரியா. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள், கூடப் படித்த வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். "இனி அவகூட எனக்குப் பேச்சில்ல" என்றார் குமாரசாமி. ஐந்து வருஷமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். வீம்பு என்று வந்துவிட்டால் அந்த மனுஷனிடம் எருமை மாடு கூடப் பாடம் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிடமிருந்து போன் வரும். சின்னாத்தாள் பேசுவாள். அவர் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, "சாப்டாளான்னு கேளு" என்பார்.

"அப்பா கேக்கறாரு, சாப்டியா கண்ணு?"

"சாப்டேம்மா. அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது?"

"முட்டிவலி எப்படின்னு கேக்கறாங்க."

"பரவால்லன்னு சொல்லு."

வீட்டுக்குள்ளேயே தந்தியாபீஸ் நடத்துகிறோம் என்று அவளுக்குச் சிரிப்பும் வரும், போனை வைத்த பிறகு அழுகையும் வரும்.

கப்பல் யோசனை மகளுடையது. வடக்கே அலாஸ்காப் பக்கம் ஒரு வாரம் போய் வருகிற பெரிய கப்பல். மகள் அனுப்பிய படங்களில் மலை மாதிரிப் பனிக்கட்டி உடைந்து கடலில் விழுந்தது, ஆற்றில் நின்று கரடி மீன் பிடித்தது, ஆள் அரவமே இல்லாத காடு கரைவரைக்கும் இறங்கி நின்றது. "நான் ஊட்டுக்கு வந்தா அப்பா எந்திரிச்சுப் பட்டறைக்குப் போயிருவாரு. கப்பல்ல எங்கம்மா போவாரு?" என்றாள். பெற்ற அப்பனைச் சிறை வைக்கக் கடலைத் தேடிய பெண். அப்பனுக்கேற்ற மகள்தான்.

குமாரசாமி எப்படியோ தலையாட்டிவிட்டார். மெட்ராஸ் போய் விசாவும் வாங்கியாயிற்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில், வெளிநாட்டுக்குப் போக இருந்து கழித்துப் போட்ட கனத்த உள்ளாடைகளைத் தேடி எடுத்து வந்தாள் சின்னாத்தாள். பருப்புப்பொடி இடித்தாள். குளிர் பழகட்டும் என்று தெரிந்தவர் ஐஸ் ஃபேக்டரியில் புருஷனைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மங்கி குல்லாவோடு உள்ளே போனவர் மூக்கு சிவந்து திரும்பி வந்து, "இந்தக் கருமத்துக்கு ஊட்டியே போதும். எதுக்கு அத்தன தூரம்?" என்றார். அவளுக்குத் திக்கென்றது. அடுத்து முட்டிவலி என்றார். பிறகு பட்டறையில் அவசர ஆர்டர் என்றார். நாளுக்கொரு சாக்கு. மனுஷன் கழன்றுகொள்ள வழி பார்க்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை காலை ரசாக்கிடம் தைத்து முடித்த கோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் காரைக் காணோம். பட்டறை மேஸ்திரி சென்னகேசவன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா ஊருக்குப் போயிருக்காருங்கம்மா. கோயில்ல அம்மன் முன்னால பூப்போட்டு வாக்குக் கேட்டதுல, பூச்சாட்டு முன்னாலயே வந்துருச்சாமுங்க. இன்னிக்குப் பொழுதோட பறை அடிக்கறாங்களாம்."

கோட்டு கையிலிருந்து நழுவியது. குமாரசாமியின் சொந்த ஊர் கொடுமுடிக்கு மேற்கே இருக்கிற சின்னக் கிராமம். மாரியம்மன் நோம்பித் திருவிழாவைத் தொடங்கிவைக்கிற பூச்சாட்டுப் பறை விழுந்துவிட்டால், எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கிற ஊர்க்காரர் எவரும் நோம்பி முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. பறை விழுந்த பிறகு உள்ளே கால் வைக்கிற ஊர்க்காரருக்கும் அதே கட்டுதான். வெளியே இருப்பவர்களுக்குக் கட்டில்லை. மேலும் முதல் மாவிளக்கு எடுக்கிற முறை குமாரசாமி குடும்பத்துக்கு. விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

'தப்பிக்க அம்மனையே துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டாரே, பாவி மனுசன்!' என்று பொங்கினாள். ஊருக்குப் போன் போட்டாள், மணி அடிக்கவே இல்லை. உடுத்தின சேலையோடு ஓடிப் பஸ் பிடித்தாள். பல்லடத்தில் ரயில்வே கேட் மாதிரி லாரிகள் மறித்து நின்றன. காங்கயத்தில் பஸ் மாறக் காத்து நின்றபோது ஒவ்வொரு டவுன் பஸ்ஸும் வேறெங்கோ போவதாக இருந்தது. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. பறை விழுவதற்குள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

பஸ் இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். கோயில் கண்ணில் பட்டது, கூட்டம் தெரிந்தது, கார் தெரியவில்லை. அப்போது முதல் அடி விழுந்தது. பறைச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, உள்ளே நிற்பது தான் என்று. அவரை மீட்கிற அவசரத்தில் தன்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

கொழுந்தன் மனைவி ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, மாமன் மத்தியானமே கொடுமுடி வழியாக் கோயமுத்தூருக்குத் திரும்பிட்டாருங்களே! மாவிளக்கு மொறைய எங்களுக்கு விட்டுக்குடுத்துட்டுப் போகத்தான் வந்தாரு. 'என்ற புள்ளயப் பாக்கப் போறேன், இந்த வருசம் நீங்க எடுங்க'ன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிப்போச்சுங்க. உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்கன்னு சொல்லாம வந்தாராம்."

சின்னாத்தாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மேல் வந்த கோபம் முழுக்கத் தன் மேல் திரும்பியது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் அந்த ஒரு நாள் நம்பாமல் போனோமே என்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கார் வந்து நின்றது. கொழுந்தன் ஆள் விட்டு அண்ணனுக்குச் சேதி சொல்லியிருந்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

"ஏம்புள்ள, என்ற மேல அத்தன நம்பிக்கையில்லயா உனக்கு?"

"இல்லீங்க. இருந்திருந்தா இந்நேரம் பொட்டி கட்டிக்கிட்டிருப்பேன்."

"சரி, வண்டியில ஏறு. அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

"போற எடம் பூராத் தண்ணியும் பனியும். உங்களையும் புள்ளயையும் அங்க வச்சுக்கிட்டு நான் அம்மன்கிட்ட வம்பு வளக்க மாட்டேனுங்க."

"அப்ப நானும் போகல. நீயில்லாம அங்க நான் என்னத்தப் பேசறது?" என்று அவர் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"வெக்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கார் டிரைவரே இறங்கிவிட்டான். தூக்கின கால் அப்படியே நின்றது.

மகளின் முகத்தைப் பார்க்க அவரைவிட அவள்தான் துடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அழுது முடித்த மனதில் ஒன்று தெளிவாகப் பட்டிருந்தது. தானும் கப்பலேறினால் தந்தியாபீசும் கூடவே கப்பலேறும். அவர் பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டே "குளுருதான்னு கேளு" என்பார். அவள் கேட்டுச் சொல்வாள். ஒரு வாரமும் அப்படியே போய்விடும்.

"நான் வந்தா நீங்க பேச மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் நடுவால நின்னு எனக்கும் சலிச்சுப்போச்சுங்க. போங்க. ஊட்டுல கோட்டு இருக்குது, அதை அவளுக்குக் குடுங்க. என்ற அளவுதான் அவளுக்கும். இப்ப எப்படி இருக்கறாளோ தெரியல" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமாரசாமி காலைக் கல்லுக்கு வெளியிலேயே ஊன்றினார். போய்க் காரில் ஏறினார். வண்டி நகர்ந்ததும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"சின்னாத்தா, அவ சாப்டாளான்னு…" பழக்க தோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நானே கேட்டுக்கறேன்" என்றார்.