மெர்வின் போட்ட நேர்க்கோடு

ஆஸ்திரேலியாவில் கன்னமுல்லாவுக்கு மேற்கே மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் மெர்வின் கெசலுக்கு இரும்பின் மேல் அப்படி ஒரு பிடிப்பு. நாற்பது வருடமாக இரும்புக் குழாய் பதித்தவர். நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்த வரிசையைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் விடமாட்டார். உப்புத் தண்ணீர் அதை உள்ளே அரித்துத் தின்பதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் மாடுகள் மேயும் பின்காட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் எட்டு இடத்தில் பிய்த்துக்கொண்டது. ஒரு துண்டை மாற்றவே இரண்டு ஆள் வேண்டும். மெர்வினுக்கோ முதுகு போய்விட்டது. அங்கே தண்ணீர் போகாவிட்டால் நூற்றிருபது மாடுகளோடு பண்ணையையும் விற்க வேண்டியதுதான். டவுனில் இருக்கும் மகள் லியேன் அதை வாங்க ஆளே பார்த்துவிட்டாள்.

மனைவி நோலின் பொறுத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களை வாங்கிவந்து முற்றத்தில் இறக்கிவிட்டார்.

"இது கொழாயா? தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துற ரப்பரு!" என்றார் மெர்வின்.

"உப்பு திங்காது, துரு ஏறாது. எறநூறு மீட்டருக்கு ஒரு மூட்டு. உன் இரும்புக்கு ஆறு மீட்டருக்கு ஒரு தரம் மரை திருகணும். இத டிராக்டர்ல மாட்டுனா தானா உருளும், முதுகு ஒடிஞ்ச பெரியவரே!"

"சரி, போடுறேன். ஆனா நேரா போடுவேன்."

"நெளிச்சுப் போடச் சொன்னான் கடைக்காரன்."

"அவன் சோம்பேறி."

நண்பகல் வெயிலில் கை சுடச்சுட, கறுப்புக் குழாயை டிராக்டரில் கட்டி இழுத்து விறைப்பாகக் கிடத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாலையில் பின்காட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் வந்ததும் நோலினைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. வெயிலில் நீண்டிருந்த குழாய் குளிரில் சுருங்கி, மூன்று மூட்டுகளிலிருந்து தன்னைத் தானே உருவிக்கொண்டிருந்தது. குழாய்க்குத் தண்ணீர் விடும் மேட்டுத் தொட்டி முழுக்க மணலுக்குக் காலியாகிவிட்டது. பின்காட்டில் காய்ந்த தொட்டியைச் சுற்றி மாடுகள் கத்தின. அந்தக் கத்தலில் மெர்வின் கூனிக் குறுகிப்போனார்.

நோலின் திட்டவில்லை. ரெஞ்சை நீட்டி, "மூட்டப் புடி. அழுவுறதுக்கு நேரம் அப்புறம் இருக்கு" என்றார்.

மூட்டுகளைச் சேர்த்து, நெளிவுக்கு நீளம் வேண்டி, சுருளில் மிச்சமிருந்ததையும் இணைத்தார்கள். நான்கு கிலோமீட்டரும் மெர்வின் நடந்தே, பூட்ஸ் காலால் குழாயை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டுக்கொண்டு போனார். பக்கத்துப் பண்ணை வேலி கோணல் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனுஷன்.

"இன்னும் நெளியட்டும்யா! குடிகாரன் நடந்த தடம் மாதிரி இருக்கணும்!" என்று பின்னாலிருந்து கத்தினார் நோலின்.

தண்ணீர் இறைக்கும் காற்றாலை மெல்ல மேட்டுத் தொட்டியை நிரப்பியது. இருட்டுவதற்குள் மாடுகள் குடித்தன. மறுநாள் காலை அதைவிடக் கடும் பனி. ஒரு மூட்டும் அசையவில்லை. மெர்வின் எல்லா மூட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை லியேன் போன் செய்தாள்.

"அப்பா, பண்ணையப் பாக்க அந்த ஆளு நாளைக்கு வர்றாரு."

"வர வேணாம்னு சொல்லிடும்மா. உங்கம்மா புதுக் கொழாய் போட்டிருக்கா."

"அப்படியா! உங்க வரிச மாதிரி நேரா இருக்கா?"

மெர்வின் நோலினைப் பார்த்தார்.

"இல்லம்மா. கோணலா கெடக்கு. அதான் தாங்குது."