தூத்துக்குடியில் ஒருவேளைச் சாப்பாடு

போன புரட்டாசியில் தூத்துக்குடிக்குப் போனது அந்த ஊர் முந்திரி மக்ரூன் தின்பதற்காக அல்ல. ஆனால் அந்த ஆசையும் இருந்தது, மறைப்பானேன்! அப்பாவின் அக்கா பிலோமினா அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. குடலில் கட்டி, மூன்று வாரம் கழித்து ஆபரேஷன். துணைக்கு ஆள் வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். மூன்று மணி நேரம். ஊர் நெருங்கும்போது உப்புக் குவியல்கள் வெயிலில் மிதந்தன. இன்னும் தூங்குகிறேனோ என்று சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்பவர், முதியோர் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பிசியோதெரபிஸ்ட், நர்ஸ் என ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து அத்தையைப் பற்றிப் பேசினார்கள். நோஞ்சான் உடம்பைத் தேற்றிவிட்டுத்தான் கத்தி வைப்பது என்று முடிவு. தினமும் முட்டை, மீன், நடை. வீட்டில் தட்டு காலியாகத்தான் வந்தது. ஆனால் ஒரு வாரத்தில் அத்தை இன்னும் இளைத்திருந்தாள். இப்படியே போனால் ஆபரேஷனைத் தாங்கமாட்டாள். தள்ளிப்போட்டால் கட்டி வளரும்.

"ஆச்சி, உண்மையச் சொல்லுங்க, சாப்பிடுதியளா?" என்றாள் நர்ஸ்.

"ஆபரேஷன் நல்லா முடியணும்னு மாதாட்ட நேந்திருக்கேன்லா. ஒருசந்தி. ஒருவேளைதான் சாப்பாடு. முட்டையெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனைக்கு."

யாரும் திட்டவில்லை. நேர்ச்சையை மாற்ற வழியுண்டா என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். அத்தையின் மாதா கோயில் பங்குச்சாமியாரை வரவழைத்தார்கள். அன்றிலிருந்து குழுவில் ஆறு பேர்.

"நோயாளிக்கு ஒருசந்தி கிடையாதும்மா. நல்லாச் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் குருசடி வரைக்கும் நடந்து செபம் சொல்லுங்க."

"குடுத்த வாக்கு என்ன ஆவும், சாமி?"

"ஒருசந்திய வீட்டுல திடமா இருக்கவங்க எடுத்துக்கிடட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

குருசடி என்பது கடலோரத்தில் இருக்கும் சின்னச் சிலுவைக் கோயில். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கடலும் வானமும் ஒரே நிறமாகிவிடும்; தூரத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் விளக்கேற்றி நிற்கும். ஒருசந்திப் பசியில் எனக்குத் தலை லேசாக இருக்கும். நகர்வது நாங்களா, கரையா என்றே தெரியாது. அப்படி நிம்மதியாக நான் எந்த ஊரிலும் நடந்ததில்லை.

அத்தை உடம்பு தேறியது; ஆபரேஷன் குறித்த நாளிலேயே நடந்தது. மறுநாள் பிசியோதெரபிஸ்ட் எழுப்ப வருமுன்னே அத்தை கட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டாள். கண் இன்னும் சொருகியிருந்தது.

"ஏளா, குருசடிக்கு நேரமாச்சு."

இருவர் தாங்கிக்கொள்ள, ஜன்னல் வரை நடந்தாள். நான் அழுதுவிட்டேன்.

வயதானவரை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன நேர்ந்துகொண்டீர்கள் என்றும் கேளுங்கள். கடற்கரைக்கு மாலை ஐந்தரைக்குப் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். மக்ரூன் எந்தக் கடையில் நல்லது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. ஊர் திரும்பும் அன்று அத்தை வாசல்வரை தானே நடந்து வந்து, ஒன்றை என் வாயில் திணித்தாள்.

"ஒருசந்தி முடிஞ்சிட்டு. தின்னு, ஏளா."

எந்தக் கடை என்று கேட்கத் தோன்றவில்லை.